"காலையில குளிச்சிட்டு ரெடியா இருங்க"

(செவிலியர் நாளையொட்டி, மாணவ மாணவியரும் பொதுமக்களும் கூடியிருந்த கல்லூரி அரங்கில், ஓய்வுபெற்ற வார்டு செவிலியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை நாம் நோயாளியிடம் எத்தனையோ விஷயங்களைச் சொல்கிறோம். கையெழுத்து வாங்குகிறோம். இரவு எத்தனை மணிக்குமேல் சாப்பிடக் கூடாது என்கிறோம். நகைகளைக் கழற்றி வீட்டாரிடம் கொடுக்கச் சொல்கிறோம். ரத்தம் கொடுக்க ஆள் வந்தாயிற்றா என்று விசாரிக்கிறோம். எல்லாம் முடிந்து அடுத்த கட்டிலுக்கு நகரும்போது, போகிற போக்கில் ஒன்று சொல்வோம்: "காலையில குளிச்சிட்டு ரெடியா இருங்க." அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆபரேஷன் என்பது பெரும்பாலும் மற்றவர்கள் நோயாளிக்குச் செய்வது. ஊசி போடுபவர் ஒருவர், மயக்கம் கொடுப்பவர் ஒருவர், கத்தி பிடிப்பவர் ஒருவர். தள்ளுவண்டியைத் தள்ளுவதற்குக்கூட இன்னொருவர் வருகிறார். நோயாளி தம் கையால் தம் உடம்புக்குச் செய்துகொள்வது இந்தக் குளியல் ஒன்றுதான். அதனாலேயே அது அவருக்குத் தெம்பு தருகிறது. அதனாலேயே, ஏதாவது தவறாகிவிட்டால், பழியும் அவர் தலையில் விழுகிறது. இரண்டையும் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தெம்பு நோயாளிக்குச் சேர வேண்டும், பொறுப்பு நம்மிடம் நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

முதலில், ஏன் குளிக்க வேண்டும்? "நான் தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன். என்னைப் பார்த்தா அழுக்கா இருக்கிற மாதிரியா இருக்கு?" என்று கோபப்பட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் கோபம் நியாயமானது. குளிக்கச் சொன்னோமே தவிர, காரணம் சொல்லவில்லை. நல்ல பழக்கமுள்ள ஒரு மனிதரிடம் காரணம் சொல்லாமல் குளிக்கச் சொன்னால், அவர் அதை அவமானமாகத்தானே எடுத்துக்கொள்வார்?

அழுக்கு வேறு, கிருமி வேறு. எவ்வளவு சுத்தமாக இருப்பவரின் தோலிலும் கிருமிகள் குடியிருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றொரு கிருமி இருக்கிறது. ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் அது எந்தத் தொந்தரவும் இல்லாமல் தங்கியிருக்கிறது. தோல் மூடியிருக்கும்வரை இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. தோலைக் கீறித் திறந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. ஆகவே பல சமயம் காயத்துக்குள் போகும் கிருமி நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தே வருகிறது.

குளித்தால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். முடியின் வேர்க்குழிகளிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஒளிந்திருப்பவை அப்படியேதான் இருக்கும். வியர்வை, எண்ணெய்ப்பசை, உதிர்ந்த தோல், அவற்றோடு சேர்ந்த கிருமிகள் கழுவப்படுகின்றன. அதற்குப் பிறகு தியேட்டரில் தோலுக்குப் போடும் கிருமிநாசினி சரியாக வேலை செய்கிறது. பெருக்கித் தண்ணீர் தெளித்த வாசலில்தானே கோலம் நன்றாக விழும்? அந்த ஆசிரியரிடம் இதைச் சொன்னதும், "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

இதைப் பற்றி உலகத்தில் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கனடாவில் கால்கரி நகரத்து ஃபுட்ஹில்ஸ் மருத்துவமனையில் பீட்டர் குரூஸ் என்ற அறுவை மருத்துவரும் ரோஸ்மேரி ஃபோர்டு என்ற செவிலியரும் சேர்ந்து 10 ஆண்டுகளில் 62,939 ஆபரேஷன் காயங்களைக் கவனித்து, 1980இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுத்தமான காயங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்னதாகக் குளிக்காதவர்களில் 100க்கு 2.3 பேருக்குத் தொற்று. சாதாரண சோப்பில் குளித்தவர்களில் 2.1. ஹெக்சாக்ளோரோஃபீன் என்ற கிருமிநாசினியில் குளித்தவர்களில் 1.3. மருந்து சோப்பின் மேல் மருத்துவமனைகளுக்கு நம்பிக்கை வளர இது போன்ற கணக்குகளும் ஒரு காரணம். ஆனால் இது கவனித்து எழுதிய கணக்கு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது அல்ல.

அப்படிப் பிரித்து நடத்திய சோதனைகளை ஆஸ்திரேலியாவின் ஜோன் வெப்ஸ்டர், சோன்யா ஆஸ்போர்ன் இருவரும் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்புக்காக ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இவர்களும் செவிலியர்களே என்பதை இந்த மேடையில் சொல்ல எனக்குப் பெருமை. 2015இல் வந்த பதிப்பில் 7 சோதனைகள், 10,157 நோயாளிகள். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தில் குளிப்பது மற்ற சோப்புகளைவிடத் தொற்றைக் குறைக்கிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆபரேஷனுக்கு முன் குளிப்பது நல்ல நடைமுறை, சாதாரண சோப்பானாலும் சரி, கிருமிநாசினி சோப்பானாலும் சரி என்றே சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல், குறைந்தது முந்தைய நாள் இரவாவது உடம்பு முழுவதும் குளிக்கச் சொன்னது.

நமக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது. சட்டைப்பையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்திருக்கிற ஒரு மகனை ராத்திரி ஒன்பது மணிக்குச் சீட்டுக் கொடுத்து மருந்துக் கடைக்கு ஓடவைக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டில் போடுகிற சோப்பு போதும். நல்ல தண்ணீரும் துவைத்த துணியும் இருந்தால் போதும்.

உங்கள் மருத்துவமனையில் குளோர்ஹெக்சிடின் கொடுப்பது வழக்கம் என்றால் கொடுங்கள். ஆனால் பாட்டிலை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முதலில் வழக்கமான சோப்பில் குளித்து, நுரை போக நன்றாக அலச வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். பிறகு மருந்தைத் தடவி, உடனே ஊற்றிக் கழுவாமல் ஒரு நிமிடம் விட வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் அந்தரங்க உறுப்புகளிலும் படக் கூடாது. அதற்குமேல் பவுடர், கிரீம், எண்ணெய் எதுவும் வேண்டாம். அரிப்போ தடிப்போ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். இந்த மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் வருவதுண்டு.

இனி நோயாளியின் பக்கம் வருகிறேன். மனதில் ஒரு பொது வார்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நான்கு மணி. முதல் லிஸ்டில் பெயர் இருக்கிறவரை எழுப்பிவிட்டார்கள். வெறும் வயிறு. இரவெல்லாம் தூக்கமில்லை. குளியலறை வாசலில் நான்கு பேர் நிற்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழாது, அதனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி மாட்ட ஆணி இல்லை. தரை வழுக்குகிறது. வாளி பொதுவாளி. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. குடலிறக்கத்துக்காக வந்த அறுபத்தைந்து வயதுப் பெரியவர் இந்த நிலையில் எப்படிக் குளிப்பார்? இரண்டு மக் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டு, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுவார். "குளிச்சீங்களா ஐயா?" என்று கேட்டால் "ஆச்சும்மா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த குளியல் அவ்வளவுதான்.

சர்க்கரை நோயாளிகள் அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு குளியலறைக்குள் தனியாகப் போவதைப் பற்றியும் யோசியுங்கள். மயக்கம் வந்து விழுந்தால் ஆபரேஷனுக்கு வந்தவர் எலும்பு முறிவோடு படுத்துவிடுவார். வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றி நம் மக்களுக்கு ஒரு பயம் உண்டு. "குளிச்சா சளி பிடிச்சுக்கும், அப்புறம் மயக்க டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வெச்சிருவாரு." இதைக் கேட்டுச் சிரிக்கிற நர்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. இருமலும் காய்ச்சலும் இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போவது உண்மை. கூலி வேலைக்கு லீவு போட்டு, பிள்ளையை யாரிடமோ விட்டு, கடன் வாங்கி வந்தவருக்குத் தேதி தள்ளிப்போவது சாதாரண விஷயமா? சளி வைரஸால் வருவது, தண்ணீரால் அல்ல என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அதோடு இன்னொன்றையும் நினையுங்கள். ஆபரேஷன் நோயாளியின் உடல் வெப்பம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் தொற்றைத் தடுக்கும் வழிகளில் ஒன்று என்று நான் முன்பு சொன்ன அதே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்படியிருக்க, நான்கு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் நனையவிட்டு, ஈரத் தலையோடு வராந்தாவில் உட்காரவைப்பது எந்த விதத்தில் சரி? வெந்நீர் சொகுசு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், இதை அவர்களிடம் வேண்டுகோளாக வைக்கிறேன்.

பெண்களின் சங்கடம் தனி. தலைக்குக் குளிக்க வேண்டுமா, மேலுக்குக் குளித்தால் போதுமா என்று கேட்கத் தயங்குவார்கள். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற கவலை ஒன்று. மஞ்சள் பூசிக் குளிக்கலாமா என்ற சந்தேகம் ஒன்று. பூசாமல் இருப்பதே நல்லது, தோலின் நிறம் தெரிய வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். திடீரென்று மாதவிலக்கு வந்துவிட்டால், ஆபரேஷனை நிறுத்திவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதனால் தடையில்லை, மறைக்காமல் சொல்லுங்கள் என்று முதல் நாளே காதோடு சொல்லிவிட்டால் அந்த இரவு அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிக்குக் குளியலறையே கிடையாது. ஸ்கிரீன் போட்டு, கட்டிலிலேயே துடைத்துவிட வேண்டும். அந்த வேலையை மகளிடமோ மருமகளிடமோ தள்ளிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. மகன் மட்டும் துணைக்கு வந்திருந்தால் பாட்டி என்ன செய்வாள்? "வேணாம்ப்பா, நான் நேத்தே குளிச்சிட்டேன்" என்பாள். கால் முறிந்து கிடப்பவள் நேற்று எங்கே குளித்திருப்பாள்? கூச்சம் அவளை அப்படிச் சொல்லவைக்கிறது. மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், தொப்புளில், கால்விரல் சந்துகளில் துடைப்பது ஒரு செவிலியின் வேலை. அதை வாயால் அல்ல, கையால் செய்ய வேண்டும்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுக்கவிருந்த அம்மா. அன்று காலை குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் மகள் கதவருகே நின்றுகொண்டு, "அம்மா அழுறாங்க, கொஞ்சம் விடுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் மற்றவர்களைப் பக்கத்து வார்டின் குளியலறைக்கு அனுப்பினேன். தன் உடம்பு முழுசாக இருக்கும்போது அதைக் கடைசியாக ஒருமுறை தொட்டுக் கழுவ அவருக்கு நேரம் தேவைப்பட்டது. நம் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. 'குளித்தாரா? ஆம்' என்று ஒரு டிக் போட்டு முடித்துவிடுகிறோம். ஒரு காலை எடுக்கப்போகிற பெரியவருக்கும், கர்ப்பப்பையை எடுக்கப்போகிற பெண்ணுக்கும் அந்தக் குளியலில் என்னென்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. கதவைத் தட்டாமல் இருக்கவாவது நம்மால் முடியும்.

முடி எடுப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் என்றதும் முந்தைய இரவே பிளேடை எடுத்து வயிற்றிலும் அடிவயிற்றிலும் மழித்துக்கொள்பவர்கள் நம் ஊரில் இன்றும் நிறைய. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பிளேடு கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களை உண்டாக்கும். அவற்றில் கிருமிகள் இரவெல்லாம் பெருகும். 1971இல் வெளியான ஆய்வில் செரோப்பியன், ரெனால்ட்ஸ் என்ற இருவர் 406 நோயாளிகளிடம் பார்த்தபோது, ரேசரால் மழித்தவர்களில் 100க்கு 5.6 பேருக்குத் தொற்று வந்தது. முடி நீக்கும் கிரீம் போட்டவர்களில் 0.6 மட்டுமே. இன்றைய விதி எளிது. முடியை எடுக்காமலே விடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் வெட்டலாம். ரேசர் கூடவே கூடாது. வீட்டிலிருந்து வருபவரிடம் 'குளியுங்கள்' என்று சொல்லும்போதே 'ஷேவ் பண்ணாதீங்க' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்போது என் மனதை அதிகம் அறுக்கிற விஷயம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு வாரம் கழித்துத் தையல் சிவந்து, நீர் கசிந்து, சீழ் வைக்கிறது. திரும்பி வருகிறார்கள். டிரெஸ்ஸிங் மேசையில் படுக்கவைத்துக்கொண்டு முதல் கேள்வி: "ஒழுங்கா குளிச்சீங்களா? சுத்தமா இருந்தீங்களா?" அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. தொப்புளைச் சரியாகத் தேய்க்காததால்தான் தனக்குச் சீழ் பிடித்தது என்று மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மாமியார் வேறு அதையே சொல்லிச் சொல்லிக் காட்டினாராம்.

காயத்தில் தொற்று வரக் காரணங்கள் எத்தனையோ. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததா, ஆன்டிபயாட்டிக் ஊசி கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போடப்பட்டதா, கருவிகள் சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டனவா, ஆபரேஷன் எவ்வளவு நேரம் நீண்டது, நோயாளி புகைப்பவரா, டிரெஸ்ஸிங் மாற்றிய கை கழுவப்பட்டதா என்று பட்டியல் நீளும். 2021இல் லான்செட் இதழில் வந்த ஃபால்கன் ஆய்வு இந்தியா உட்பட 7 நாடுகளில் 54 மருத்துவமனைகளில் 5,788 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. தியேட்டரில் தோலுக்குப் போடும் மருந்தையும் தையல் நூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் மற்றொன்றைவிட மேலாகத் தெரியவில்லை. மொத்தத்தில் 100க்கு 22 பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. இத்தனை மருத்துவமனைகள் இத்தனை கவனத்தோடு செய்தும் நிலைமை இதுவென்றால், ஒரு கிராமத்துப் பெண் ஒரு வாளித் தண்ணீரில் குளித்த குளியலின் மேல் பழியைப் போடுவது என்ன நியாயம்? "குளிச்சீங்களா?" என்று கேட்பதற்கு முன், அவர் குளிக்க நாம் என்ன ஏற்பாடு செய்தோம் என்பதை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் சார்லஸ் எட்மிஸ்டன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 80 தன்னார்வலர்களைக் குளோர்ஹெக்சிடினில் குளிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ குரலழைப்பாகவோ நினைவூட்டல் போனது, சிலருக்குப் போகவில்லை. நினைவூட்டல் பெற்றவர்களின் தோலில் மருந்தின் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. ஒரு சொல்லின் பலன் அவ்வளவு! நம் ஊரில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அட்மிஷன் தேதி கொடுக்கும்போதே எண்ணை வாங்கி, முந்தைய மாலை ஒரு குரல் சேதி அனுப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும்.

வார்டில் சொல்வதானால் உட்கார்ந்து சொல்லுங்கள். இரவு ஒரு குளியல், காலை ஒரு குளியல். தலையில் எண்ணெய் இருந்தால் முதல் நாளே போக்கிவிடலாம். நகம் வெட்டி, நகப்பூச்சை எடுத்துவிட வேண்டும். துவைத்த துணி, மாற்றிய விரிப்பு. சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, எப்படிக் குளிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயால் திரும்பி வரும்போதுதான் என்ன புரிந்தது, எது புரியவில்லை என்பது நமக்குத் தெரியும். முதல் லிஸ்டில் இருப்பவர்கள் இரவிலேயே நன்றாகக் குளித்துவிடட்டும். அதனால் காலை நெரிசலும் குறையும்.

தொடங்குமுன் ஒரு சகோதரி எனக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். அவர் கணவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் ஆகிறதாம். தையல் பிரிக்கும்வரை தண்ணீரே படக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். அம்மா, பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகு மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம் என்றுதான் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. குளத்திலோ தொட்டியிலோ மூழ்க வேண்டாம். தையலைத் தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அவருக்குக் குழாய் வைத்திருந்தாலோ, டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலோ அதன்படி நடங்கள். காயம் சிவந்தாலும், கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே காட்டுங்கள். ஆபரேஷன் தொற்று 30 நாள் வரைகூட வரலாம்.

இனி மற்றவர்கள் கேளுங்கள். அடுத்த சில நாட்களில் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் இருக்கிறவர்கள் முதலில் கேட்கட்டும்.